டென்மார்க் அரசியும் என் அண்ணையும்

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு வருஷத்துக்கும் மேலாக ஓர் அரசியின் குடும்பம் குடியிருந்தது. பிரெஞ்சு பேசுகிற இந்தக் குளிர் நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் எங்களுடையது இரண்டு அறை வீடு. சோபாவுக்கு மேலே இருந்த சாமிப் படங்களையும் கலண்டரையும் இறக்கிவிட்டு, மகள் நான்கு பெரிய தாள்களை ஒட்டினாள். அதில் பெட்டி பெட்டியாகக் கீறி, பெட்டிகளைக் கோடுகளால் தொடுத்தாள். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். முதுகலைப் பட்டத்துக்கு ஆய்வு எழுதவேண்டுமாம், மேசையில் இடம் போதாதாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "இதென்ன, சாதகமோ?" என்று கேட்டார்கள்.

நடுவில் சிவப்புப் பெட்டிக்குள் இருந்தவள்தான் அரசி. எண்ணூறு வருஷங்களுக்கு முன் டென்மார்க்கில் பிறந்தவள். அவளுடைய அண்ணன் அந்த நாட்டு அரசன். அவளைப் பிரான்ஸ் அரசனுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொடுத்தான். இவர்கள் ஒருவரின் பெயரும் என் வாய்க்குள் நுழையாது. நான் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருக்கிறவள். பகல் முழுக்கப் பிரெஞ்சுப் பெயர், வியட்நாம் பெயர், அரபுப் பெயர் என்று கூப்பிட்டுக் களைத்து வந்தால், வீட்டுச் சுவரிலும் பெயர்களா? எனவே எல்லாருக்கும் முறை வைத்துவிட்டேன். டென்மார்க்குப் பிள்ளை, அண்ணன்காரன், மாப்பிள்ளை, மூத்தவள். அப்படிக் கூப்பிடத் தொடங்கியதும் அவர்கள் எங்கள் ஊர் ஆட்களாகிவிட்டார்கள். "இண்டைக்கு டென்மார்க்குப் பிள்ளை என்ன செய்யுது?" என்று கேட்டுக்கொண்டே சோறு போடுவேன். மகள் சாப்பிட்டபடி சொல்லுவாள்.

கதை இதுதான். கலியாணம் பெரிய எடுப்பாக நடந்தது. மறுநாள் அவளுக்கு முடி சூட்டும் சடங்கு. அது நடந்துகொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது. சடங்கு முடிந்த கையோடு இவள் எனக்கு வேண்டாம் என்றுவிட்டான். ஏன் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. கலியாணத்தை முறிக்க ஒரு சாட்டு வேண்டும் அல்லவா? சொந்தத்துக்குள் செய்த கலியாணம் செல்லாது என்பது அந்தக் காலத்துத் திருச்சபைச் சட்டம். முன்பு கட்டிய மனைவியின் சொந்தம்கூட ஆகாது. ஆகவே அரசனின் ஆட்கள் கூடினார்கள். அதில் பலர் அவனுக்கே உறவுக்காரர், பிஷப்புமாரும் உண்டு. ஒரு வம்சாவளி கீறினார்கள். ஒரு மகனை விட்டுச் செத்துப்போன முதல் மனைவி, அந்த மூத்தவளுக்கு டென்மார்க்குப் பிள்ளை சொந்தம் என்று அதில் காட்டினார்கள். அதைச் சத்தியம் பண்ணிச் சொல்லி, கலியாணம் செல்லாது என்று தீர்த்தார்கள். அந்த வம்சாவளி பொய்.

நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன்.

"அதில என்ன பிழை, பிள்ளை? மூத்தவளுக்குச் சொந்தமெண்டால் நல்லதுதானே. மூத்தவளின்ர பிள்ளையைச் சொந்தக்காரி வளர்த்தால் வடிவாப் பார்ப்பாள். எங்கட ஊரில மனுசி செத்தால் முதல்ல அவளின்ர தங்கச்சியைத்தானே கேப்பினம்."

மகள் சிரித்த சிரிப்பில் சோறு புரையேறிவிட்டது. தன் பேராசிரியரிடம் இதைச் சொல்லப்போவதாகச் சொன்னாள். சொல்லியும் இருக்கிறாள். என் மானம் அங்கே போனதுதான்.

ஆனால் அன்றைக்கு அவள் சொன்ன இன்னொன்று எனக்குள் இருந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் டென்மார்க்குப் பிள்ளையும் நின்றாளாம். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. தன்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று மட்டும் விளங்கியிருக்கும். தீர்ப்பை யாரோ மொழிபெயர்த்துச் சொன்னபோது, தனக்குத் தெரிந்த கொஞ்ச லத்தீனில், ரோமில் போப்பாண்டவரிடம் போவேன் என்று கத்தினாளாம். இதைக் கேட்டபோது என் கண் கலங்கிவிட்டது. மகள் பயந்துபோனாள். எண்ணூறு வருஷத்துக்கு முந்திய ஒருத்திக்காக அம்மா அழுகிறாவே என்று.

நான் அழுதது அவளுக்காக மட்டும் இல்லை. நான் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், வந்த கையோடு பிறந்த மகள் கைக்குழந்தை. காய்ச்சலோடு ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் மனுசன் வேலையில். அங்கிருந்த தாதி பொறுமையாகத்தான் கேட்டாள், ஒன்றல்ல பத்துத் தரம் கேட்டாள். எனக்கு 'பொன்ஜூர்', 'மெர்சி' தவிர ஒன்றும் தெரியாது. பிள்ளைக்கு என்னவென்று சொல்ல முடியாமல் அந்த நடைபாதையில் நின்று தமிழில் சத்தம் போட்டு அழுதேன். அப்போது, வீட்டில் இருந்த என் மாமனார் அழைத்துச் சொல்ல, டாக்சியை வாசலில் குறுக்கே விட்டுவிட்டு ஓடி வந்தவர் என் அண்ணை. பிரெஞ்சில் பொரிந்து தள்ளினார். டாக்சி ஓடிப் படித்த பிரெஞ்சு. பத்து நிமிஷத்தில் பிள்ளை மருத்துவரின் கையில் இருந்தாள்.

அண்ணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். என்னையும் என் மனுசனையும் இங்கே எடுப்பித்தவர் அவர்தான். இப்போது ஓய்வு. அண்ணியோடு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், முருகன் கோவிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறார். மகளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது என் மனுசன் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணை மீன் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். மகளுக்குச் சைக்கிள் பழக்கியது, பனிச்சறுக்குச் சப்பாத்துக் கட்டிவிட்டது, பள்ளிக்கூடத்துக் கூட்டங்களுக்கு வந்து முன்வரிசையில் இருந்தது எல்லாம் அவர்தான். பிள்ளைகள் இல்லாத மனுசன். இருந்த பாசம் முழுவதையும் அவள் தலையில் கொட்டினார். அதனால் அவள் கெட்டுப்போகவில்லை என்பது கடவுள் புண்ணியம்.

அண்ணைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. முறை சொல்லுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கோவில் அன்னதானத்தில் தெரியாத முகம் ஒன்றைக் கண்டால், எந்த ஊர், ஆற்ற மகன், தாய் ஆற்ற மகள் என்று மூன்று கேள்வி கேட்பார். நான்காவது கேள்வி இல்லை. "அப்ப நீர் எனக்குப் பெறாமகன்" என்று தோளில் கை போட்டுவிடுவார். டொரோண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும், சம்பந்தம் பேச முந்தி, அவருக்கு அழைப்பு வரும். சகோதர முறையா, மச்சான் முறையா என்று கேட்க. அவர் சொன்னால் சொன்னதுதான். அது பிழைத்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

மகள் சுவரில் இருந்த குடும்பத்தை ஒருநாள் மாமனுக்கும் காட்டினாள். மீன் பையோடு நின்றபடியே பார்த்தார். "இவை எந்த ஊர்?" என்றார். டென்மார்க் என்றதும், "அது என்ர பக்கம் இல்லை" என்று குசினிக்குப் போய்விட்டார்.

அந்த மார்கழியில் மகள் ஒரு பெடியனைப் பற்றிச் சொன்னாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் இருக்கிற பெடியன். பல்கலைக்கழகத்தில் சந்தித்ததாம். எங்கள் ஆட்கள், சைவம், கணினி வேலை. நான் அதுவரை வேறு என்னென்னவோ கற்பனை பண்ணி என்னைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்துப் பெடியன் என்றதும் எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். பெடியன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். சுவரைப் பார்த்து அரசியின் பெயரை ஒழுங்காக உச்சரித்தான். இரண்டாம் தரம் கேட்டுப் புட்டு வாங்கிச் சாப்பிட்டான். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அன்று பின்னேரமே அண்ணைக்கு அழைத்தேன். வழக்கமான மூன்று கேள்வியும் வந்தது. தகப்பன் பக்கத்தைச் சொன்னேன். "ம்" என்றார். தாய் பக்கத்தைச் சொல்லச் சொல்ல அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை.

"அண்ணை, லைன்ல நிக்கிறியளோ?"

"நிக்கிறன். அது சரிவராது, பிள்ளை."

"ஏன்?"

"எங்கட அம்மாவின்ர தாயும், பெடியன்ர அம்மம்மாவின்ர தாயும் கூடப்பிறந்த சகோதரம். அப்ப பெடியன்ர தாய் உனக்குச் சகோதரி முறை. நீங்கள் சகோதரியள் எண்டால் உங்கட பிள்ளையள் ஆர்? அண்ணனும் தங்கச்சியும்."

வேறு நாட்டு ஆட்களுக்கு இது விளங்காது. சகோதரிகளின் பிள்ளைகள் எங்களுக்குச் சகோதரங்கள்தான். எத்தனை தலைமுறை தள்ளிப்போனாலும் அந்தக் கணக்கு மாறாது. அதுவே ஒரு பக்கம் சகோதரனாக இருந்திருந்தால் பெடியன் முறை மச்சான், மேளம் கொட்டிக் கட்டிவைப்போம். அந்த இரண்டு பாட்டிகளில் யாராவது ஒருத்தி ஆணாகப் பிறந்திருந்தால் பிரச்சினையே இல்லை என்று நினைக்க எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"அண்ணை, அது எத்தினை தலைமுறைக்கு முந்தின கதை! பெடியன்ர தாயை நான் இண்டைக்கு வரைக்கும் கண்ணாலயும் கண்டதில்லை."

"காணாட்டிலும் முறை முறைதான். ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு என்ர வீட்டில நான் மாத்திச் சொல்ல ஏலாது. என்னைத் தாரை வார்க்கக் கூப்பிடாதை."

"உங்கட முறையும் மண்ணாங்கட்டியும்!" என்று கத்திவிட்டு அழைப்பைத் துண்டித்தேன். அண்ணையோடு அப்படி நான் கதைத்ததே இல்லை.

தாரை வார்ப்பது என்றால் கலியாணத்தில் பெண்ணைக் கையில் பிடித்து மாப்பிள்ளையிடம் நீர் வார்த்துக் கொடுப்பது. தாய் தகப்பன் சோடியாக நின்று செய்யவேண்டும். நான் தனி. என் இடத்தில் அண்ணையும் அண்ணியும் நிற்பார்கள் என்பது மகள் பாவாடை கட்டின காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் முடிவான விஷயம். ஐயரைக் கேட்டேன். வேறு சோடி நிற்கலாம் என்றார். வேறு சோடிக்கு நான் எங்கே போவேன்? போனாலும் மகள் சம்மதிக்க வேண்டுமே.

மகளுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவள் முதலில் சிரித்தாள். இந்த நாட்டில் இதைச் சொந்தம் என்றே எண்ணமாட்டார்கள் என்றாள். சிரிப்பு முடிந்ததும் முகம் மாறியது.

"மாமா வரமாட்டன் எண்டு சொன்னவரோ?"

"தாரை வார்க்க மாட்டாராம்."

"அப்ப கோயில்ல வேண்டாம், அம்மா. நாங்கள் ரெண்டு பேரும் போய் ரெஜிஸ்டர் பண்ணிப்போட்டு வாறம். எனக்கு மாமாவில கோவம் இல்லை. ஆனால் அப்பா இல்லாத மணவறையில மாமாவும் இல்லாமல் என்னால இருக்க ஏலாது."

அப்படிச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அழுகிறாள் என்று தெரிந்தது. நான் கதவுக்கு வெளியே நின்றேன். எனக்குச் சத்தம் போடவும் தெரியும், சமைக்கவும் தெரியும், அந்த நேரத்தில் இரண்டும் உதவாது.

பெடியனின் தாயோடும் கதைத்தேன். மென்மையாகக் கதைக்கிறவ. எதிர்ப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் தயங்கித் தயங்கி, "அக்கா, எங்கட பக்கத்தில ஆரும் கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றா. அக்கா என்று கூப்பிட்ட பிறகுதான் தான் சொன்னதை உணர்ந்து வாயை மூடிக்கொண்டா. உறவு முறையை அவவே தன் வாயால் சொல்லிவிட்டா.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் மீன் வரவில்லை. அண்ணி மட்டும் அண்ணைக்குத் தெரியாமல், குளியலறைக்குள் நின்று அழைப்பார். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். "இவர் சாப்பிடுறதும் குறைவு, பிள்ளை. ரீவிக்கு முன்னால இருக்கிறார், ஆனால் பார்க்கேல்லை" என்பார். எனக்குப் பாவமாக இருக்கும். அடுத்த நிமிஷம் கோபமாக இருக்கும். வீட்டுக்குள் மூச்சு முட்டினால் டெப்பனர் என்கிற மூலைக்கடை வரைக்கும் நடந்து போய்த் தேவையில்லாத பால் ஒன்று வாங்கிக்கொண்டு வருவேன். குளிர்சாதனப் பெட்டியில் பால் நிரம்பியது.

சித்திரையில் மகளின் ஆய்வு முடிந்தது. பல்கலைக்கழகத்தில் பொதுவாக ஆட்களைக் கூப்பிட்டு ஒரு பேச்சு வைத்தார்கள். நாலைந்து மாணவர்கள் பேசுகிற நாள். அவளே மாமனுக்கு அழைத்தாள். "மாமா, நான் பேசுறன். நீங்கள் வரவேணும்." அவ்வளவுதான். கலியாணக் கதை ஒரு சொல் எடுக்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்றும் எனக்குச் சொல்லவில்லை.

வெளியே பனி உருகிச் சேறாகக் கிடந்தது. அண்ணை கோட்டும் டையும் கட்டிக்கொண்டு, சப்பாத்தைத் துடைத்து, நேரத்துக்கு முன்பே வந்து கடைசி வரிசையில் இருந்தார். அண்ணி என் பக்கத்தில் வந்து இருந்தார். நானும் அண்ணையும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டோம்.

மகள் பிரெஞ்சில் பேசினாள். என் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை, நன்றாகப் பேசினாள். எங்கள் வீட்டுச் சுவர் பெரிய திரையில் தெரிந்தது. அரசனின் ஆட்கள் கீறிய பொய் வம்சாவளியையும், டென்மார்க்கிலிருந்து வந்த சரியான வம்சாவளியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினாள். கேள்வி நேரம் வந்தது. ஒரு பேராசிரியர் நீளமாக ஏதோ கேட்டார். பிறகு யாரும் கேட்கவில்லை. முடிந்தது என்று நான் பையை எடுக்க, பின்னால் கதிரை நகர்ந்த சத்தம். திரும்பிப் பார்த்தால் அண்ணை எழும்பி நிற்கிறார். சபையில் வைத்துப் பிள்ளையை ஏதும் சொல்லிவிடுவாரோ?

அவர் தன் டாக்சிப் பிரெஞ்சில், மிக மரியாதையாக, மகளை 'மதமோசெல்' என்று விளித்துக் கேட்டார். சத்தியம் பண்ணினவர்களுக்கு அது பொய் என்று தெரியுமா?

சிலருக்குத் தெரிந்திருக்கும் என்று மகள் சொன்னாள். அரசனுக்குப் பயந்து சொல்லியிருப்பார்கள் என்றாள்.

அண்ணை திரும்பக் கதிரையில் இருக்கவில்லை. அந்தப் பிள்ளையின் அண்ணன் என்ன செய்தான் என்று கேட்டார்.

மகள் மாமனைப் பார்த்தாள். அண்ணன் விடவில்லை என்றாள். சரியான வம்சாவளியைத் தயாரித்து ஆட்களைப் போப்பாண்டவரிடம் அனுப்பினான். அதைக் கொண்டுதான் கலியாணம் செல்லும் என்று போப்பாண்டவர் அறிவித்தார். ஆனாலும் அரசன் கேட்கவில்லை, அவளைக் கோட்டைகளிலும் மடங்களிலும் அடைத்து வைத்தான். இருபது வருஷத்துக்குப் பிறகுதான் அவளைத் திரும்ப அரசியாக ஏற்றுக்கொண்டான்.

"அதை அண்ணன் கண்டானா?"

"இல்லை. அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே இறந்துவிட்டான்."

அண்ணை 'மெர்சி' என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். மண்டபத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஏதோ அக்கறையுள்ள வயதானவர் என்று நினைத்திருப்பார்கள். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு முடிந்து சீஸும் பழச்சாறும் கொடுத்த இடத்தில் அண்ணை மகளின் தலையைத் தடவினார். "வடிவாச் சொன்னாய்" என்றார். வேறு ஒன்றும் சொல்லாமல் காரை எடுக்கப் போய்விட்டார். நான் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. மெட்ரோவில் வீட்டுக்கு வரும்போது மகள், "பரவாயில்லை அம்மா, வந்தவர்தானே" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

வைகாசி பிறந்தபின் ஒருநாள் அழைப்பு வந்தது.

"சனிக்கிழமை பின்னேரம் புரோசார்ட்டுக்குப் போவம். பெடியன்ர தாய் தகப்பனுக்குச் சொல்லி வை."

"என்னத்துக்கு, அண்ணை?"

"போய்ப் பேந்து கதைப்பம்."

அந்தச் சனிக்கிழமை வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சம்மதம் சொல்லப் போகிறார் என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே. நேரில் போய் மறுத்துவிட்டு வரப்போகிறாரோ? கிளினிக்கில் ஒருவரின் பெயரைச் சொல்லி இன்னொருவரை உள்ளே அனுப்பிவிட்டேன். நல்ல காலம், பல்லைப் பிடுங்க முந்திக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பெடியனின் வீடு புரோசார்ட்டில் ஒரு சீனக் கடைத்தொகுதிக்குப் பின்னால் இருக்கிறது. தகப்பன் வாசலுக்கு வந்து வரவேற்றார். மகளும் பெடியனும் எங்களுக்கு முன்பே வந்து, சோபாவின் இரண்டு மூலைகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். தேத்தண்ணி வந்தது. வடை வந்தது. அண்ணை வடையைத் தொடவில்லை. தகப்பனைப் பார்த்துக் கேட்டார்.

"உங்கட பெரியப்பா ஒராள் மலாயாவுக்குப் போனவரெல்லே?"

"ஓம். அப்பாவின்ர தமையன். சின்ன வயதில போனவர், திரும்பி வரேல்லை. அங்கதான் கலியாணம் முடிச்சவர் எண்டு சொல்லுவினம். பிள்ளையள் இல்லை."

"ஆரை முடிச்சவர் எண்டு தெரியுமோ?"

"அது தெரியாது."

அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். "என்ர தங்கச்சியின்ர மாமனாருக்கு ஒரு தங்கச்சி இருந்தவ. மலாயாவில சொந்தக்காரரோட இருந்தவ. அவவைத்தான் முடிச்சவர். நான் விசாரிச்சுப் பார்த்தன். அப்பிடிப் பார்த்தால் இந்தப் பிள்ளையின்ர தகப்பனும் நீங்களும் மச்சான் முறை. தகப்பன்மார் மச்சான்மார் எண்டால் பிள்ளையளும் மச்சான் மச்சாள்தான். தாய் பக்கத்தால பார்க்கத் தேவையில்லை. தகப்பன் பக்கத்தால பார்த்தால் முறை சரி."

அறைக்குள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மாமனார் அல்லவா? எனக்குத்தானே தெரியும்.

எனக்குத் தெரியும். என் மாமனாருக்குத் தங்கை இல்லை. கூடப்பிறந்தது முழுவதும் ஆண்கள். கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தார். என் மகள் பிறந்த அன்று, இரண்டு தலைமுறைக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பெண்பிள்ளை என்று, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதவர். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் என் மகள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு லட்டுப் பெட்டியோடு வந்து அவர் பக்கத்தில் நின்றவரே அண்ணைதான். ஊரில் உள்ள எல்லா வீட்டுக் கணக்கும் தெரிந்த மனுசனுக்கு இது மறந்துபோகுமா? அவர் என்னைப் பார்க்கவில்லை. கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

"ஓம்" என்றேன். "மாமா சொல்லுவார். மலாயாவில ஒரு தங்கச்சி எண்டு."

என் குரல் எனக்கே நம்பும்படியாக இருந்தது. ஆனால் மகளின் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதாதவள். எண்ணூறு வருஷத்துக்கு முன் செய்த ஒரு பொய் வம்சாவளியைக் கண்டுபிடித்து, அதைச் செய்தவர்களைச் சபையில் வைத்துக் கிழித்தவள். வாயைத் திறந்தாள் என்றால் முடிந்தது.

அவளுக்கு முந்திப் பெடியனின் தாய் வாயைத் திறந்தா.

"ஓமோம்" என்றா அந்த மென்மையான குரலில். "நானும் கேள்விப்பட்டனான். நல்லாப் பாடுவாவாம்."

அவவின் கணவர் சட்டென்று திரும்பி அவவைப் பார்த்தார். தன் பெரியம்மாவைப் பற்றித் தனக்கே தெரியாதது இவளுக்கு எப்படித் தெரியும் என்று. அவ வடைத் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தா. அவர் வாங்கிக்கொண்டார். பிறகு அவரும் தலையை ஆட்டத் தொடங்கினார்.

மகள் எழும்பினாள். நேரே போய் மாமனின் பக்கத்தில், கதிரைக் கைப்பிடியில் இருந்தாள். அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூடக் கூட்டம் முடிந்து களைத்துவிட்டால் அப்படித்தான் இருப்பாள். அண்ணை அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "நல்ல நாள் பார்ப்பம். தாரை வார்க்க நானும் மாமியும் நிப்பம்" என்றார். அண்ணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். நான் வெட்கத்தை விட்டு அழுதேன். இத்தனை வருஷத்தில் அண்ணை மேல் எனக்கு இருந்த அன்பு எவ்வளவென்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மகளும் பெடியனும் அங்கேயே இருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் காரில் திரும்பினோம். பாலத்தில் நெரிசல். கார்கள் நகரவில்லை, ஆற்றின் மேல் இன்னும் வெளிச்சம் இருந்தது. அண்ணி முன்னால் இருந்து யார் யாரை அழைப்பது என்று தொடங்கிவிட்டார். எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அண்ணை, நாளைக்கு ஆரும் தேடிப் பார்த்தால்? மாமாவுக்குத் தங்கச்சி இல்லையெண்டு தெரிஞ்சவை இன்னும் இருக்கினம். உங்களை என்ன நினைப்பினம்?"

அண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஒருத்தரும் தேட மாட்டினம், பிள்ளை. நான் சொன்னால் கேக்கிறதோட சரி. இவ்வளவு காலமும் ஒரு பிழை விடாமல் சொல்லிக்கொண்டு வந்தது பேந்து என்னத்துக்கு?"